விளையாட்டின் காலப்பிரமாணம்

பாட்டுக்குச் சுருதியும் காலமும் எத்துணை இன்றியமையாதனவோ, விளையாட்டுக்கு வேகமும் அத்துணை இன்றியமையாதது. ஆயினும் பாடுவோன் தன் காலப்பிரமாணத்தைத் தானே வகுத்துக்கொள்கிறான். தொலைக்காட்சியோடு வீடியோ கேம் பெட்டியை இணைத்து விளையாடியவனுக்கோ அவ்வுரிமை நெடுங்காலம் வாய்க்கவில்லை. அவன் வாழும் நாட்டில் தொலைக்காட்சி எம்முறையில் இயங்கிற்றோ, அம்முறையே அவன் விளையாட்டின் வேகத்தையும் விதித்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. பழைய பெட்டிகளின் தொழிலைக் கணினியிலும் கைப்பேசியிலும் செய்துகாட்டும் எமுலேட்டர் என்னும் மென்பொருள்கள் பெருகியுள்ளன. அவற்றைத் திறந்து அமைப்புப் பட்டியலைப் பார்ப்போர்க்கு ஒரு வினா எதிர்ப்படுகின்றது: 60 ஹெர்ட்ஸா, 50 ஹெர்ட்ஸா? என்.டி.எஸ்.சி. முறையா, பால் முறையா?

இவ்வினாவின் பொருளறியாது கண்ணிற்பட்டதை அழுத்திவிட்டு அப்பாற் செல்வோர் பலர். “அறுபது ஐம்பதினும் பெரிது, ஆதலின் அதுவே சிறந்தது” எனத் துணிவோர் சிலர். “நாம் இளமையில் ஆடியது ஐம்பது, அதுவே நமக்குரியது” என வாதிடுவோர் வேறு சிலர். நெல்லித்தோப்பின் வீடுகளிலும் நம் கல்லூரி விடுதியின் அறைகளிலும் ஒருங்கே எழக்கூடிய வழக்கு இது. இவ்வழக்கில் எம் கருத்தை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோ இது எனச் சிலர் ஐயுறுதல் கூடும். பழஞ்சுவடியைப் பதிப்பிப்போர் பாடபேதங்களை ஒப்புநோக்கி, ஆசிரியன் எழுதியது எது, ஏடெழுதுவோர் கையால் மாறியது எது என ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியை நாம் அற்பமெனக் கருதுவதில்லை. வீடியோ கேமும் மனிதர் சிலர் கருத்தூன்றிச் செய்த ஒரு படைப்பே. 1985 முதல் 2000 வரையில் வளர்ந்த ஒரு தலைமுறையின் ஓய்வுப்பொழுதில் அதற்கு ஒரு பங்குண்டு. அதன் உண்மை வடிவம் யாது என வினவுதல் அறிவுடையார் செயலேயாம்.

முதற்கண் இவ்விரு எண்களும் எங்கிருந்து வந்தன என்பதைக் காண்போம். இவற்றின் வேர் மின்சாரத்தில் உள்ளது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 60 முறை. தொலைக்காட்சி தோன்றிய காலத்தில், மின்சாரத்தின் ஊசலாட்டம் திரையில் நிழற்பட்டையாய் ஓடி உறுத்தாதிருக்கும் பொருட்டு, திரை புதுப்பிக்கப்படும் வேகத்தை மின்சாரத்தின் வேகத்தோடு ஒத்திருக்கச் செய்தனர். எனவே அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறை 525 கோடுகளோடு விநாடிக்கு ஏறக்குறைய 60 முறை திரையைத் தீட்டுவதாயிற்று. ஜெர்மனியில் வகுக்கப்பட்ட பால் முறை 625 கோடுகளோடு 50 முறை தீட்டுவதாயிற்று. (பால் என்பது ஈண்டுக் கறவையின் பாலன்று, மூன்று ஆங்கில எழுத்துகளின் கூட்டு.) பிரான்ஸ் நாட்டார் 1967-இல் செகாம் என்னும் தமக்கெனத் தனி வண்ண முறையைத் தொடங்கினர். வண்ணத்தைக் கையாளுவதில் அது வேறுபட்டதேயன்றி, அதுவும் 625 கோடும் 50 முறையுமே உடையது.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975-இல் எழுந்தது. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது நம் அரசினர் பால் முறையை மேற்கொண்டனர். ஆகவே 1954-இல் ஆட்சியளவிலும் 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த புதுச்சேரி, ஒருகால் பிரான்ஸோடே நின்றிருப்பினும், விளையாட்டுப் பெட்டியின் வேகத்தைப் பொறுத்தமட்டில் யாதொரு வேறுபாடும் நேர்ந்திராது. கொடி எதுவாயினும் திரை ஐம்பதே!

மற்று, விளையாட்டுகள் பெரும்பாலும் பிறந்த நாடாகிய ஜப்பானின் நிலை விந்தையானது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50. மேற்குப் பகுதியில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோக்கியோ நகரத்தார் ஜெர்மானிய மின்னாக்கிகளையும், ஒசாகா நகரத்தார் அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதன் விளைவு அது. ஆயினும் நாடு முழுதும் தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறையே, எனவே திரை எங்கும் அறுபதே. மின்சாரத்தின் ஆணை மீறவொண்ணாத விதியன்று, நாளடைவில் அது வெறும் வழக்கமாய் நின்றுவிட்டது என்பதற்கு ஜப்பானே சான்று.

நிற்க. திரையின் வேகம் விளையாட்டின் வேகத்தை எங்ஙனம் மாற்றும்? சினிமாப் படத்தை எடுத்துக்கொண்டால் திரை வேறாயினும் கதை அதே வேகத்தில் நடப்பதன்றோ எனக் கேட்கலாம். முற்றிலும் அப்படியுமன்று. விநாடிக்கு 24 படமாக எடுக்கப்பட்ட சினிமாவைப் பால் முறைத் தொலைக்காட்சிக்கு மாற்றுவோர் அதனை 25 படமாக ஓட்டுதல் வழக்கம். அவ்வாறு ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிவதோடு, பாட்டின் சுருதியும் சற்றே உயரும். ஆயினும் அது 100-க்கு 4 பங்கு வேறுபாடே. பெரும்பாலார் காதுக்கு எட்டுவதில்லை. விளையாட்டிலோ வேறுபாடு பெரிது.

பழைய விளையாட்டுப் பெட்டியின் நிரல், திரை ஒருமுறை தீட்டப்பட்டவுடன் ஓரடி முன்னேறுமாறு எழுதப்பட்டது. வீரன் இத்தனை புள்ளி நகர்க, பகைவன் இத்தனை புள்ளி நெருங்குக, இசையின் அடுத்த கணக்கு எழுக என்பன யாவும் திரையின் துடிப்பை அளவாகக் கொண்டே நிகழும். நம் தாளத்தில் அட்சரம் எப்படியோ அப்படியே அங்குத் திரைத் துடிப்பு. 60 துடிப்புக்கென எழுதிய நிரலை 50 துடிப்பில் ஓட்டினால் யாவும் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே நிகழும். ஒரு நிமிடத்தில் கடக்கவேண்டிய கட்டத்தைக் கடக்க 1 நிமிடம் 12 விநாடி செல்லும். வீரன் தாவும் உயரம் குறையாது. அவன் வானில் நிற்கும் நேரம் மட்டும் நீளும்.

இஃதோடு அமையவில்லை. பால் முறைத் திரையில் கோடுகள் மிகுதி. படத்தை 240 கோட்டளவிற்குள் வரைந்த விளையாட்டை, ஏறக்குறைய 288 கோடு காட்டவல்ல திரையில் இட்டால், மேலும் கீழும் கரும்பட்டைகள் எஞ்சும். இடைப்பட்ட உருவங்கள் தலையில் தட்டி அமுக்கியவை போற் குறுகித் தோன்றும். விரைவையே தன் பெருமையாகக் கொண்டு 1991-இல் வெளிவந்த சானிக் என்னும் நீலமுள்ளெலியின் விளையாட்டு, ஐரோப்பியப் பெட்டிகளில் இங்ஙனம் நடைதளர்ந்தும் உருக்குறுகியும் ஓடிற்று. விரைவுக்கென்றே பிறந்ததொன்று விரைவிழந்த நிலையில் விற்கப்பட்டதை, அதனை வாங்கிய சிறார் பெரும்பாலார் அறிந்திலர். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்று அவர் முன் இருந்ததில்லை.

இனி இசையைப் பற்றிச் சில கூறுவோம். ஏனெனில் நம் நாட்டார்க்கு உரிய செய்தி அங்கேதான் உள்ளது. நின்டெண்டோ நிறுவனத்தின் எட்டுப் பிட்டுப் பெட்டியில் சுருதியைத் தீர்மானிப்பது திரைத் துடிப்பன்று. உள்ளிருக்கும் சில்லின் கடிகாரம். அமெரிக்கப் பெட்டியில் அக்கடிகாரம் விநாடிக்கு ஏறக்குறைய 17 லட்சத்து 90 ஆயிரம் முறை துடிக்கும். ஐரோப்பாவில் விற்ற பெட்டியில் 16 லட்சத்து 60 ஆயிரம் முறையே துடிக்கும். ஆகவே அமெரிக்க அளவுக்கு எழுதிய இசையைத் திருத்தாது ஐரோப்பியப் பெட்டியில் ஒலிக்கச்செய்தால் காலமும் தாழும், சுருதியும் தாழும். பன்னிரு சுரத்தானங்களுள் ஒரு தானத்துக்கும் சற்று மேலாகவே அது இறங்கிவிடும்.

நம் நாட்டிலோ அசல் நின்டெண்டோப் பெட்டியைக் கண்டோர் சிலரே. 1990-களில் நம் கடைத்தெருக்களில் மலிந்திருந்தவை சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களைத் தாங்கிய பெட்டிகள். இத்தகைய பிரதிப் பெட்டிகளுக்கெனத் தைவான் நாட்டு யூ.எம்.சி. நிறுவனத்தார் தனிச் சில்லுகள் செய்தனர். பால் முறை நாடுகளுக்கென அவர்கள் செய்த சில்லுகள் திரையை 50 முறையே தீட்டும். ஆயினும் கடிகாரத்தை அமெரிக்க அளவுக்கு மிக அண்மையில், விநாடிக்கு 17 லட்சத்து 70 ஆயிரம் துடிப்பாக அமைத்துவிட்டனர். ஜப்பானிய, அமெரிக்கக் கேசட்டுகள் பிணக்கின்றி ஓடவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதன் விளைவு யாதெனின், அச்சில்லுகள் பொருந்திய பெட்டிகளில் காலம் மட்டும் ஆறில் ஐந்தாகத் தாழ்ந்தது. சுருதி ஏறக்குறைய மாறாது நின்றது. மேற்கட்டையில் நின்றபடியே விளம்பகாலத்திற் பாடும் பாடகனைப் போல அவை பாடின என்க.

ருஷியாவில் 1992 முதல் விற்ற டெண்டி என்னும் பெட்டி இவ்வகைக்குப் பெயர்பெற்றது. அதுபற்றியே எப்.சி.இ.யு.எக்ஸ்., மெசென் முதலிய எமுலேட்டர்களில் என்.டி.எஸ்.சி., பால் என்னும் இரண்டோடு டெண்டி என்று மூன்றாம் வழியும் வைக்கப்பட்டுள்ளது. “இளமையில் கேட்ட அதே இசை வேண்டும்” என விழையும் நம்மவர் பலர், இந்தியா பால் முறை நாடாயிற்றே எனக் கருதிப் பால் முறையைத் தெரிந்தெடுக்கின்றனர். சுருதி இறங்கிக் கேட்டவுடன் மனம் குழம்புகின்றனர். அவர்கள் தேடுவது பெரும்பாலும் அம்மூன்றாம் வழியேயாகும். இச்சிறு செய்தியொன்றைத் தெரிவித்ததேனும் இக்கட்டுரையின் பயனாகுக.

இதுகாறும் கூறியவற்றால், அறுபதே சரி, ஐம்பது பிழை என்று முடிவு கட்டலாமோ எனின், ஆகாது. அவ்வாறு முடிவு கட்டுவோர் இருவகை விளையாட்டுகளை மறந்துவிடுகின்றனர்.

முதல்வகை, 50-க்கெனத் திருத்தியமைக்கப்பட்டவை. 1985-இல் ஜப்பானிற் பிறந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, துடிப்புக் குறைந்ததற்கு ஈடாக, மாரியோ ஒவ்வொரு துடிப்புக்கும் மிகுதூரம் செல்லுமாறு மாற்றினர். 1992-இல் வந்த சானிக்கின் இரண்டாம் விளையாட்டில் ஐரோப்பியத் திரைக்கென இசையின் காலத்தைச் சரிசெய்தனர். இங்ஙனம் திருத்திய ஐரோப்பியக் கேசட்டின் படியை எடுத்து, “அறுபதே சிறந்தது” என ஓட்டினால், மாரியோ வெறிகொண்டவன் போல் ஓடுவான். மருந்து உண்டு தேறியவனுக்கு மீண்டும் அம்மருந்தையே புகட்டியது போலாம் அது.

இரண்டாம் வகை, 50-இலேயே பிறந்தவை. இங்கிலாந்தில் இல்லக் கணினிகள் தழைத்த 1980-களில் அந்நாட்டு இளைஞர் எழுதிய விளையாட்டுகள் ஐம்பது துடிப்புத் திரையின் முன் அமர்ந்தே எழுதப்பட்டன. 1984-இல் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினியில் தோன்றிய எலைட் என்னும் விண்வெளி வணிக விளையாட்டு அவற்றுள் புகழ்வாய்ந்தது. அதன் நின்டெண்டோப் படி 1991-இல் பால் முறைப் பெட்டிகளுக்கு மட்டுமே வெளிவந்தது. அந்தப் பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுக்கும் அயலானதன்று. பள்ளிகளிற் கணினிக் கல்வி புகட்ட 1984-இல் இந்திய அரசினர் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டது அதுவே. இத்தகைய படைப்பை அறுபதில் ஓட்டுவோன், சானிக்கை ஐம்பதில் விற்றவர் செய்த அதே தவற்றைத் திசைமாற்றிச் செய்கின்றான்.

ஆகவே எம் முடிவு இது. வேகத்தைத் தீர்மானிக்கவேண்டியது விளையாடுவோன் வாழும் ஊரன்று, எண்ணின் பெருமையுமன்று, அந்த விளையாட்டு எத்திரையின் முன் ஆக்கப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என்பதே. கேசட்டு எந்நாட்டுப் படியோ அதனை நோக்குக. அது திருத்தம் பெற்றதா என்பதை நோக்குக. பின்னர் வேகத்தைத் தேர்க.

புதுச்சேரி வாசிகளுக்கு இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சு ஆட்சியில் தம் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியற் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பத்தார் இன்றும் நம்மிடையே உளர். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில் சொத்துரிமை இருவேறு சட்டப்படி பிரிதல் இங்கு இயல்பு. “வீடு எத்தெருவில் உள்ளது?” எனச் சட்டம் கேட்பதில்லை, “ஆள் எச்சட்டத்துக்கு உரியவன்?” என்றே கேட்கின்றது. விளையாட்டுக்கும் அந்நியாயமே பொருந்தும் என்கிறோம். ஜப்பானியப் படைப்பு நெல்லித்தோப்புக்கு வந்துவிட்டதனாலேயே ஐம்பதுக்கு உரியதாகிவிடாது. ஆங்கிலேயப் படைப்பு அமெரிக்கன் கைக்குச் சென்றதனாலேயே அறுபதுக்கு உரியதாகிவிடாது.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றுகளையும் நேர்மையாக ஆராய்வோம்.

“பாட்டைப் பாடகர் தம் விருப்பப்படி விளம்பத்திலும் மத்திமத்திலும் பாடுகின்றனர், அதனால் கீர்த்தனம் கெடுவதில்லையே, விளையாட்டு மட்டும் எங்ஙனம் கெடும்?” என்பர் ஒரு சாரார். நல்ல வினா. பாடகன் காலத்தை மாற்றும்போது அதற்கேற்பக் கமகத்தையும் சங்கதியையும் மூச்சையும் மாற்றிக்கொள்கிறான். அவன் அறிந்து தேர்ந்தது அது. திருத்தாத கேசட்டின் தாழ்வோ ஒருவரும் தேர்ந்ததன்று. ஆக்கியோன் விரும்பவில்லை, ஆடுவோன் அறியவில்லை, இடையில் நின்றவர் செலவை மிச்சப்படுத்தினர், அவ்வளவே. கிராமபோன் தட்டைத் தவறான வேகத்தில் சுழற்றிவிட்டு, “இது வித்துவானின் விளம்பகாலம்” என்பார் உளரோ?

“எமக்கு நினைவே பெரிது, அந்த மெதுவான மாரியோவே எம் மாரியோ” என்பர் மற்றொரு சாரார். இவர்பால் எமக்கு மிக்க பரிவுண்டு. கோடை விடுமுறையின் நண்பகலில், வாடகைக்கு எடுத்த கேசட்டை ஊதித் துடைத்துப் பொருத்தி, மின்சாரம் போகுமுன் ஒரு கட்டமேனும் முடிக்க முயன்ற சிறுவனுக்கு, ஆறில் ஐந்து பங்கு வேகமே அக்காலத்தின் முழு வேகம். அந்நினைவைப் பொய்யென்று யாம் கூறோம். ஆயின் நினைவு ஒன்று, படைப்பு ஒன்று. தாத்தா பாடிக்கேட்ட பாட்டை அவர் பாடிய மெட்டிலேயே போற்றலாம், போற்றவும் வேண்டும். அதுபற்றி மெட்டமைத்தோன் அமைத்ததே அம்மெட்டு என்று சாதித்தல் மட்டும் தகாது. தாம் ஆடிய வேகத்தைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டும் தந்தையர், “நாங்கள் ஆடியது இவ்வாறு, ஆக்கியோர் கருதியது அவ்வாறு” என இரண்டையும் காட்டுவாராயின் நினைவுக்கும் இழுக்கில்லை, உண்மைக்கும் இழுக்கில்லை.

பிரான்ஸில் உறவினரையுடைய புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இவ்வழக்கில் தனியொரு முடிச்சும் உண்டு. பிரெஞ்சு நாட்டில் விற்ற பெட்டிகள் பல, பெரிதெல் என்னும் அகன்ற செருகியின் வழியாகவே படத்தை அனுப்பின. நம் நாட்டுத் தொலைக்காட்சிகளில் அத்துளை காண்பதரிது. வேகம் ஒன்றாயிருந்தும் செருகி ஒவ்வாது போவதுண்டு என்பதற்கு அது சான்று. இன்று அத்தடை இல்லை, மொழித்தடை எஞ்சியுள்ளது. 1998-இல் வெளிவந்த ஓகாரினா ஆஃப் டைம் என்னும் செல்டா விளையாட்டின் ஐரோப்பியக் கேசட்டில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மும்மொழியும் உண்டு. அமெரிக்கக் கேசட்டில் ஆங்கிலம் மட்டுமே. ஆகவே பிரெஞ்சில் படித்து ஆட விரும்புவோன் ஐம்பதை ஏற்கவேண்டும். அறுபதை விரும்புவோன் பிரெஞ்சைத் துறக்கவேண்டும். 2021-இல் நின்டெண்டோ நிறுவனத்தார் இப்பழைய விளையாட்டுகளை ஐரோப்பாவில் மீண்டும் வழங்கியபோது, அறுபதில் ஆங்கிலப் படியை வைத்து, சிலவற்றுக்கு மட்டும் பல மொழியுள்ள ஐம்பதுப் படியையும் விருப்பத்துக்கு விட்டனர். இங்கே யாம் முன்சொன்ன விதி சற்று இளகவேண்டும். கதையும் சொல்லும் மிகுந்த விளையாட்டில், தன் மொழியிற் படிக்கும் இன்பத்தின்பொருட்டு வேகத்தை விட்டுக்கொடுப்பவனை யாம் பழிக்கமாட்டோம். அவன் அறிந்து விட்டுக்கொடுக்கிறான் என்பதே போதும்.

அறிந்து என்ற சொல்லே இவ்வழக்கின் உயிர். தேர்தல் எவர் கையில் இருக்கவேண்டும் என்பதில் வணிகர் மாறிமாறி நடந்துவந்துள்ளனர். 1999-இல் சேகா நிறுவனத்தார் ஐரோப்பாவில் டிரீம்காஸ்ட் பெட்டியை வெளியிட்டபோது, பல விளையாட்டுகள் தொடக்கத்திலேயே “ஐம்பதா, அறுபதா?” என ஆடுவோனைக் கேட்டன. அஃது நன்மரபு. அதன்பின் 2006-இல் நின்டெண்டோவின் வீ பெட்டியில் பழைய விளையாட்டுகளை விற்றபோது, ஐரோப்பியர்க்கு மீண்டும் ஐம்பதுப் படிகளே கிடைத்தன. திரைகள் இரண்டையும் காட்டவல்லனவாய் வளர்ந்துவிட்ட பின்னரும்! 2018-இல் சோனி நிறுவனத்தார் விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் என்னும் சிறு பெட்டியில் 20 விளையாட்டுகளுள் 9 ஐம்பதுப் படிகளாயிருந்தன. 2022-இல் அதே நிறுவனத்தார் தம் பழைய விளையாட்டுத் தொகுப்பை ஆசிய நாடுகள் சிலவற்றில் வெளியிட்டபோதும், சில விளையாட்டுகள் ஐம்பதுப் படிகளாகவே வந்தன. ஆடுவோர் முறையிட்டனர், அறுபதையும் விருப்பமாக வழங்குவோம் என நிறுவனத்தார் பின்னர் அறிவித்தனர். முறையீட்டுக்குப் பின்னன்றி முன்னரே இரண்டையும் வைத்திருப்பின் யாருக்கு என்ன நட்டம்? தேர்தலுரிமை விற்போன் மறைவாகச் செய்யும் முடிவாயிருத்தல் கூடாது. ஆடுவோன் கண்முன் வைத்த வினாவாயிருத்தல் வேண்டும். இதனை அழுத்தமாகவே சொல்கிறோம்.

இனி மாணவர்க்குப் பயன்படும் சில குறிப்புகளைச் சுருங்கக் கூறுவோம்.

ஜப்பானிய, அமெரிக்கக் கேசட்டுப் படிகளை அறுபதில் ஓட்டுக. ஐரோப்பியப் படியாயின் ஐம்பதில் ஓட்டிப் பார்க்க. நடையும் இசையும் தளர்ந்து தோன்றினால் அது திருத்தம் பெறாதது என உணர்ந்து, அறுபதுக்குரிய படியைத் தேடுக. பிரித்தானிய இல்லக் கணினி விளையாட்டுகளை ஐம்பதிலேயே விடுக. 1990-களின் நம் நாட்டுப் பெட்டியின் நினைவை மீட்கவேண்டின் டெண்டி வழியை நாடுக.

திரையையும் மறவாதொழிக. இன்றைய கணினித் திரைகளும் கைப்பேசித் திரைகளும் பெரும்பாலும் அறுபதையோ அதன் மடங்கையோ இயல்பாகக் கொண்டவை. அறுபதே காட்டவல்ல திரையில் ஐம்பதை ஓட்டினால், ஐந்து படத்துக்கு ஒருமுறை ஒரு படம் இருமுறை தோன்றி, ஓட்டத்தில் ஒரு திக்கல் உண்டாகும். அத்திக்கலை ஐம்பதின் குற்றமென எண்ணற்க. திரையின் குற்றம் அது. ஐம்பதையும் காட்டவல்ல திரையாயின் அதனை ஐம்பதுக்கு மாற்றிய பின்னரே இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுக.

போட்டி வைப்போர்க்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விழாக்களில் பழைய வீடியோ கேம்களுக்குப் போட்டி நடத்துவதாயின், எவ்வேகத்தில் என்பதை முன்னதாகவே அறிவித்துவிடுக. ஐம்பதில் பழகியவன் கைக்கு அறுபது, ஓடும் பேருந்தில் ஏறுவது போலிருக்கும். அறுபதில் பழகியவனுக்கு ஐம்பது, சேற்றில் நடப்பது போலிருக்கும். அறுபதில் 10 நிமிடத்தில் முடித்தவனையும் ஐம்பதில் 12 நிமிடத்தில் முடித்தவனையும் கடிகாரம் ஒன்றையே பார்த்து ஒப்பிடுவது அநியாயம். திருத்தாத விளையாட்டாயின் இருவரும் ஒரே திறமையினரே. அண்ணன் ஊரில் விரைந்து முடித்தான், தம்பி இங்கே தாமதித்தான் என்று பல வீடுகளில் எழுந்த பூசல்கள், பெட்டியின் துடிப்பைக் கணக்கிட்டிருந்தால் எழாதொழிந்திருக்கும்.

அறுபதென்றும் ஐம்பதென்றும் இரு கட்சி கட்டிக்கொண்டு பூசலிடுவதற்கு இதில் இடமில்லை. இரண்டும் மனிதர் தம் மின்சார வசதிக்கென வகுத்துக்கொண்ட அளவுகளே. ஒன்று உயர்குலத்தது, மற்றொன்று இழிகுலத்தது என்பதில்லை. பிழை தோன்றுவது, ஓர் அளவுக்கெனச் செய்ததை மற்றோர் அளவால் அளந்துவிட்டு, அளந்ததைச் சொல்லாது மறைக்கும்போதே. மருத்துவம், பொறியியல், நூற்பதிப்பு, சட்டம் எனப் பல துறைகளுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர், அளவைக் கூறுமுன் அலகைக் கூறும் நற்பழக்கத்தை விளையாட்டிலேயே கற்றுக்கொள்வாராயின், மாரியோவும் சானிக்கும் நம் கல்லூரிக்கு ஓரளவு கடமைப்பட்ட ஆசிரியர்களே ஆவர். ஆதலின் மாணவ நண்பர்காள்! அடுத்தமுறை அவ்வினா திரையில் எழும்போது கண்ணிற்பட்டதை அழுத்திச் செல்லற்க. இவ்விளையாட்டு எங்கே, எத்திரைக்கெனப் பிறந்தது என ஒருகணம் வினவுக, வினவித் தேர்க, தேர்ந்ததை உடனாடுவோர்க்கும் உரைக்க.